பேனா இணையாத மதியம்

1

இந்தக் கதை எனக்குச் சாலையோரத்தில் கிடைத்தது. 2017 வாக்கில், விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகும் வழியில் பஸ் டயர் பஞ்சராகி நின்றபோது, மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, சிரித்த முகம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளுடைய இடது தோளில் ஒரு கை இருந்தது. நான்கு விரல்கள், ஒன்றில் மோதிரம். மணிக்கட்டோடு அந்தக் கை முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் ஆள் இல்லை, கம்ப்யூட்டரில் போட்ட நீல மேகம்தான்.

பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "அது அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு டயர் மாட்டுவதைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

விழுப்புரத்தின் மேல் வெயில் ஒரு

(வேண்டாம். வெயிலில் தொடங்கினால் நான்கு பத்தி வெயிலிலேயே போய்விடும்.)

லூசியா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண்ணின் படத்தை

(இதுவும் பொய். லூசியா ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், சாவு எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறவள். ஒவ்வொரு சாவுக்கும் அழுதுகொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.)

ஆகவே இப்படி: லூசியா சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். பெயர் அரங்கநாதன். காணைப் பக்கம் கரும்பு போடுகிறவர்.

"பாப்பா, சாவு பேனர் ஒண்ணு போடணும். ஜல்தியா வேணும்."

"யாருக்குங்க ஐயா?"

"எம் பொண்ணுக்கு."

லூசியா டப்பாவை மூடினாள்.

அவர் நீட்டிய போனில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஒரு பையனும். பையனின் கை அவள் தோளில்.

"இவன எடுத்துடு. எம் பொண்ணு மட்டும் நிக்கணும்."

"தனியா எடுத்த படம் எதுனா இருக்குதுங்களா?"

"இருந்துச்சு. நாந்தான் கொளுத்திட்டேன்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். "பேருக்கு முன்னாடி செல்வின்னு போடு. செல்வி சித்ரா."

படத்தில் அவள் கழுத்தில் தாலி இருந்தது. லூசியா 'சித்ரா' என்று மட்டும் அடித்துவிட்டு, முன்னால் கொஞ்சம் இடம் விட்டாள். பெரியவர் திரையைப் பார்த்தார். அந்தக் காலி இடத்தையும் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

3

பையனை வெட்டி எடுக்க மவுஸ் போதும். வெட்டினாள். அவன் இருந்த இடத்தில் மேகத்தை இறக்கினாள். மிச்சம் இருந்தது தோளில் இருந்த கை. அந்தக் கைக்கு அடியில் புடவை இல்லை. கையை அழித்தால் அங்கே ஓட்டைதான் தெரியும். புடவையின் மடிப்பையும் ஜரிகையையும் தோளின் வளைவையும் அவளே வரைந்தாக வேண்டும். அந்த மாதிரி வேலைக்குத்தான் கடையில் டேப்லெட்டும், அதில் எழுதும் பேனாவும் இருந்தன.

படத்தை டேபில் ஏற்றினாள். பேனாவை வைத்தாள். கோடு விழவில்லை.

புளூடூத்தை அணைத்துப் போட்டாள். டேபை அணைத்துப் போட்டாள். பேனாவைச் சார்ஜில் சொருகி, எடுத்து, முனையைக் கழற்றி, பாவாடை நாடா கோக்கிற கவனத்தோடு திரும்ப மாட்டினாள். திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது. இன்னொரு தரம் முயன்றாள். அதே பதில்.

"இன்னாம்மா?"

"பேனா கனெக்ட் ஆவலைங்க. முதலாளி நேத்துதான் திண்டிவனம் பிராஞ்சுலேர்ந்து கொண்டாந்தாரு. பேஜாரு பண்ணுது. செத்த உக்காருங்க."

அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே திரையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தில் லூசியாவை நான் சந்தேகப்பட்டேன். அவளும் மாதா கோயில் போகிறவள். பேனா உண்மையிலேயே வேலை செய்யவில்லையா, இல்லை அந்தக் கையை அழிக்க மனசில்லாமல் நடிக்கிறாளா? இரண்டு நாள் யோசித்தேன். நடிக்கவில்லை. அவளுக்குப் பசி. வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடத்தான் நினைத்தாள்.)

4

திண்டிவனம் கடையில் டிசைன் போடும் கிளாராவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, அந்தப் பேனா எங்க டேபத்தான் தேடிக்கினு இருக்கும். உங்க டேப்ல பேனா பேரு இருக்குதுல்ல, அதத் தட்டி ஃபர்கெட் குடுங்க.* அப்பறம் பேனா பட்டன அமுத்திப் புடிச்சிக்கினே இருங்க, லைட்டு மின்னும். இருங்க, எங்க டேப்ல எப்பிடி இருக்குன்னு போட்டோ அனுப்பறேன்."

படம் வந்தது. கிளாராவின் டேப் தெரிந்தது. அதற்குப் பின்னால், அவள் கம்ப்யூட்டர் திரையில், அதே பட்டுப்புடவை, அதே மல்லிகை. தோளில் அதே கை. கைக்குரியவனும் பக்கத்தில் நின்றான். 'திருமதி சித்ரா ஜோஸ்வின்' என்று எழுதியிருந்தது.

லூசியா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"கிளாரா, பின்னாடி இருக்கிற படம் யாரு?"

"எங்க கோயில் பங்குதான்க்கா, ஜோஸ்வின்னு ஒருத்தரு. அவரு ஒய்ஃப். ஒரு வாரம் ஜுரம், போயிடுச்சு. அவரு ஆஸ்பத்திரி வராண்டாவ வுட்டு நவுரவே இல்லியாம். நாலு மணிக்கு அடக்கம். ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் லூசியா.

* இந்தச் சொல்லை நான் புகுத்தவில்லை. மறக்கச் சொன்னால்தான் அந்தக் கருவி மறுபடி சேரும். அதன் அமைப்பு அப்படி. வாசகர் இதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

5

என் முதல் பிரதியில் லூசியா பொய் சொன்னாள். 'வேற பேனா திண்டிவனத்துலதான் இருக்கு, நேர்ல போனாத்தான் ஆவும்' என்று சொல்லிப் பெரியவரைப் பஸ் ஏற்றிவிட்டாள். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அடக்கம் எப்போது என்று தெரியாமலா ஒரு தகப்பன் இருப்பார்?

நடந்தது இது. அவள் திரும்பி வந்து நின்றுகொண்டே சொன்னாள்.

"ஐயா, திண்டிவனத்துல நாலு மணிக்கு அடக்கமாங்க."

"தெரியும்."

"நீங்க போவலீங்களா?"

"அவ அம்மா விடியக்காலமே போயிட்டா. செல்போன வூட்லயே வெச்சிட்டுப் போயிட்டா. அதுலதான் இந்தப் படம் கெடச்சுது. இத்தினி நாளா எனக்குத் தெரியாம வெச்சிக்கினு இருந்திருக்கா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? எனக்குப் பொண்ணே இல்லன்னு மூணு வருசமா ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சவன். இந்த பேனரக் கட்டிட்டன்னா, எனக்கும் ஒரு பொண்ணு இருந்தான்னு ஆவும்."

லூசியா பேனாவின் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீல விளக்கு மின்னியது. திரையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். விழுந்தது.

"வந்துடுச்சுங்க. கைய எடுத்துடறேன்."

படத்தைப் பெரிதாக்கினாள். மோதிர விரல் திரை முழுக்க நின்றது. பேனாவை அதன்மேல் வைக்கப் போனாள்.

"இரு" என்றார். அந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே, "காய்ச்சல்ல கெடந்தப்ப யாரு கூட இருந்தாங்கன்னு உனுக்குத் தெரியுமா?"

"அவருதாங்க. வராண்டாவ வுட்டு நவுரலியாம்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பெரியவர் எழுந்தார்.

"விடு பாப்பா. அப்பிடியே போடு. டைம் ஆவுது."

எதற்கு டைம் ஆகிறது என்று லூசியா கேட்கவில்லை. மணிக்கட்டில் பிசிறாக நின்ற சட்டை ஓரத்தை மட்டும் பேனாவால் வழித்துவிட்டாள். அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிச் சேர்த்த பேனாவுக்கு அன்று இருந்த வேலை அது ஒன்றுதான். பேனர் அச்சாகி வந்ததும் சுருட்டிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். லூசியாவுக்கு அதற்குப் பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

6

முடிவு ஒன்று: அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேருகிறார். மண் போடுகிறார். ஜோஸ்வின் அவருக்கு வழி விட்டு

(எழுதும்போது என் கண் கலங்கியது. அதனாலேயே நம்பிக்கை போய் அதை அழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவர் நேராக ஊருக்குப் போய்த் தானே கம்பத்தில் ஏறிப் பேனரைக் கட்டுகிறார். இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் அன்றைக்கே கட்டினாரா, மறுநாளா? பேனரில் அது எழுதியிருக்கவில்லை.

என்னால் அவரைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு வர முடிந்தது. காணை போகும் டவுன் பஸ் இன்னும் வரவில்லை. சென்னை வண்டி ஒன்று வெளியே போகும் வழியில் மெல்ல நகர்கிறது. கிளம்பினால் நாலு மணிக்குள் போய்விடலாம், போக முடியாமலும் ஆகலாம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவுகிறார். சுருட்டிய பேனரோடு பெரியவர் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கிறார். ஏறுவதற்காக நடக்கிறாரா, வழியை விட்டு விலகுகிறாரா, எனக்குத் தெரியவில்லை.

"பெருசு, வர்றியா இல்லியா?"

அவர் காலைத் தூக்கிப் படியில் வைக்க நான் யார்? வண்டி வேகம் எடுக்கப் போகிறது. கண்டக்டர் கேட்டதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.