சம்பந்திக்கு வாங்கிய லைஃப் ஜாக்கெட்

காங்கேயத்தில் எண்ணெய் ஆலை நடத்தும் தனபாலுக்கு நீச்சல் தெரியாது. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு வெட்டி, பிள்ளைகளை நடக்கப் பழக்கும் முன்பே நீந்தப் பழக்குகிற நாட்டில், ஐம்பது வயது கடந்தும் ஒருவர் முழங்காலுக்கு மேல் நனையாமல் வாழ்ந்துவிட்டார் என்றால் அது தவத்தில் சேர்த்தி. தவத்தையாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். இதைச் சொல்ல வழியில்லை. ஆகவே மகள் லோகப்பிரியாவின் நிச்சயதார்த்தப் பந்தலில், வெள்ளகோவில் சம்பந்தி கிருபாசங்கர் தம் கிணற்று வீரங்களை எடுத்துவிட்டபோது, தனபாலும் தம் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டார். பம்புசெட் மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, கிணற்றின் அடிமண்ணை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்தாராம். பந்தலே வியந்தது. மனைவி தெய்வாத்தாள் மட்டும் தாம்பூலத் தட்டை நோக்கிக் குனிந்துகொண்டாள்.

திருமணம் முடிந்து ஆறு மாதத்தில் அந்த மண்ணுக்கு விலை கொடுக்கும் காலம் வந்தது. கிருபாசங்கர் கைவிடப்பட்ட பாறைக்குழி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, மீன் குஞ்சு விட்டு, ஒரு ஃபைபர் படகும் வாங்கிவிட்டார். கல் வெட்டிய பள்ளத்தில் ஆழமில்லாத ஓரம் என்று ஏதுமில்லை. காலடியிலேயே பாதாளம் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை நடுக்குழியில் தூண்டில் போடலாம், சம்பந்தி வந்துதான் படகைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டு அழைப்பைத் தட்டும் துணிச்சல் தனபாலுக்கு இல்லை. மூழ்கும் துணிச்சலும் இல்லை.

சம்பந்தி படகு வாங்கிய அதே சிங்காநல்லூர்க் கடைக்குப் போனார். கடைக்காரி ஜோஸ்லின் முதலில் காட்டியது தடித்த நுரை வைத்த ஆரஞ்சு வண்ண ஜாக்கெட். அணிந்து கண்ணாடி முன் நின்றால், காங்கேயம் காளையின் திமில் இடம் மாறி மார்பில் முளைத்ததுபோல் இருந்தது. யார் கண்ணுக்கும் உறுத்தாததாகக் கேட்டார். அவள் அங்கவஸ்திரம்போல் தோள்வழி இறங்கும் மெல்லிய பட்டையொன்றை எடுத்தாள். உள்ளே மடித்த பை, கூடவே ஒரு சிறிய கேஸ் குப்பி. கயிற்றை இழுத்தால் உப்புவது ஒரு வகை. நீரில் விழுந்ததும் தானே உப்புவது மற்றொன்று. அடியவன் வாய்திறந்து அழைக்குமுன் ஓடிவந்து தாங்கும் தெய்வத்தைப்போன்ற அந்த இரண்டாம் வகையிடம் தனபாலின் உள்ளம் சரணடைந்தது.

"அண்ணா, உங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா?" என்றாள் ஜோஸ்லின். "தெரிஞ்சா கயிறு இழுக்கறதே போதுமுங்க. தெரியாதவங்களுக்குத்தான் தானா உப்பறது."

கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கொங்கு நாட்டில் நான்கைந்து பேர் கூடினால் அதில் ஒருவர் சொந்தமாகத்தான் இருப்பார்.

"எனக்கு எதுக்குங்க அம்மணி? இது உங்ககிட்ட படகு வாங்குனாரே, நம்ம வெள்ளகோவில் சம்பந்தி, அவருக்கு. பாவம், அவருக்குத்தான் தெரியாது. வெளிய சொல்லக் கூச்சப்படுவாரு."

எவ்வளவு நல்ல மனசு என்று ஜோஸ்லின் வியந்தாள். முன்கூட்டி நனைத்துவிடக் கூடாது, குப்பி ஒரு தடவைக்குத்தான், தீர்ந்தால் புதிது மாட்ட வேண்டும், அவசரத்துக்கு வாயால் ஊதவும் குழாய் உண்டு என்றெல்லாம் சொல்லி அனுப்பினாள்.

இவ்வளவையும் தனபால் கேட்டார், தெய்வாத்தாள் கேட்கவில்லை. அந்த வீட்டில் லாரியானாலும் மிக்ஸியானாலும் மஞ்சள் நீர் தெளித்துப் பொட்டு வைக்காமல் எதுவும் வேலைக்கு இறங்கியதில்லை. இதுவோ கணவரின் உயிரைச் சுமக்கப்போகும் பொருள். தெளித்தால் போதாதென்று, சனிக்கிழமைக் காலையில் பூசையறையில் வைத்து ஒரு சொம்பு நிறைய அபிஷேகமே செய்துவிட்டாள். ஜாக்கெட் சீறிற்று. ஒரே மூச்சில் உப்பி எழுந்து, குத்துவிளக்கைச் சாய்த்து, முருகன் படத்து மாலையைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"சாமி ஏத்துக்கிச்சுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் தெய்வாத்தாள்.

புதுக் குப்பி புதன்கிழமைதான் வரும் என்றது கடை. வாயால் ஊதிக்கொண்டு போனால் மறுபடி திமில் முளைத்துவிடும். வயிற்றுவலி என்று சொல்லிவிடும்படி தெய்வாத்தாள் யோசனை சொன்னாள். கிணற்று மண்ணைக் கவ்வியவனுக்கு வயிற்றுவலி வரலாமா என்று தனபால் சினந்தார். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, பழையபடி மடித்து, பிறவிக்கடலையே கடக்கவைப்பவன் ஒரு பாறைக்குழியைக் கடக்கவைக்கமாட்டானா என்று முருகன் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு, ஞாயிறன்று அந்தச் செத்த ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாறைக்குழியில் கிருபாசங்கர் தனியாக நின்றிருந்தார். ஜாக்கெட்டைக் கண்டதும் ஓடிவந்து தனபாலின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"மோட்டாருக்குச் சாமான் வாங்கப் போனப்ப கடைக்கார அம்மணி சொல்லிப்போட்டாங்க சம்பந்தி. எனக்கு நீச்சல் தெரியாதுங்கறது நான் பெத்த பையனுக்கே தெரியாதுங்க. நான் சொல்லாமயே கண்டுபுடிச்சு, எனக்குன்னு வாங்கியாந்தீங்க பாருங்க."

தனபால் திகைத்தார். பொய்யென்று எண்ணிச் சொன்னது மெய்யாகி எதிரில் கண்ணீர் வடித்தது. அவர் வாய் திறப்பதற்குள் சம்பந்தி ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கித் தம் தோளில் பூட்டிக்கொண்டு, படகிலும் ஏறி நின்றார்.

சும்மா இருந்தால் மானம் பிழைக்கும். மகளின் மாமனார் பிழைப்பது உறுதியில்லை. அந்த நிலையிலும் தனபாலுக்கு முழு உண்மை வாயில் வரவில்லை. பாதியை அளந்து விட்டார்.

"இருங்க சம்பந்தி. அதுல கேஸ் இல்லீங்க. பூசையிலயே உப்பிப்போச்சு."

"அவ்வளவுதானுங்களா?" என்ற கிருபாசங்கர், குழாயைத் தேடி வாயில் வைத்து ஊதலானார். கன்னம் சிவக்க, கண் பிதுங்க ஊதி முடித்து, திமிலோடு நிமிர்ந்து கையை நீட்டினார். "ஏறுங்க. எனக்கு இது போதுமுங்க. கெணத்து மண்ணையே கவ்விட்டு வந்தவருக்கு இதெல்லாம் எதுக்கு?"

தனபால் நீரைப் பார்த்தார். கரும்பச்சையாக, அடி தெரியாமல், அசையாமல் கிடந்தது. சம்பந்தியின் கை நீண்டபடியே இருந்தது.

"எனக்கும் தெரியாதுங்க."

கிருபாசங்கர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "அப்ப அந்த மண்ணு?" என்றார் மெல்ல.

"உங்க கதையக் கேட்டதுல வந்ததுங்க."

அதற்குமேல் ஒருவரை ஒருவர் குறை சொல்ல இருவருக்கும் யோக்கியதை இல்லை. படகைப் பாறையோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜாக்கெட்டைப் பலகைக்கு அடியில் ஒளித்தார்கள். தூண்டிலும் கையுமாக நெருங்கி அமர்ந்து, கயிறு தெரியாத கோணத்தில் படம் எடுத்து, 'நடுக்குழியில் சம்பந்திகள்' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. சற்றுப் பொறுத்து மருமகன் சரவணனின் செய்தி வந்தது: "அப்பா, மாமா, ரெண்டு பேரும் குதிச்சு நீந்தறத ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. லோகப்பிரியா கேக்கறா."

இருவரும் செய்தியைப் படித்தார்கள். தனபால் எட்டி, கயிற்றின் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். கிருபாசங்கர் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இங்க சிக்னல் கிடைக்காதுங்க சம்பந்தி" என்றார்.