அரை வேகம்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லேபிள்காரர். சில சிறு பத்திரிகைகளின் சந்தாதாரர் முகவரிகளை ஒட்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. அதற்கென்று வீட்டில் ஒரு கணினி இருந்தது. டிவியோடு ஒயர் மாட்டினால்தான் உயிர் வரும் பழைய ஆசாமி. பக்கத்திலேயே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். "தூக்கிப் போடுங்கப்பா, புதுசு வாங்கித் தரேன்" என்று மகள் போனில் சொல்லி அலுத்துவிட்டாள்.

மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறிய மனைவி இன்னும் திரும்பவில்லை. பேரன் பல் முளைத்து, நடந்து, இப்போது எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டான். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. அங்கே ஆள் தேவைப்பட்டது, இங்கே இவருக்குச் சமைக்கத் தெரியும். அப்படியே நாள் ஓடிவிட்டது.

பிரின்டர் ஓடினால் தகரத்தின் மேல் கல்லைப் போட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். கீழ்வீட்டில் தனியாக இருந்த நர்ஸ் அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூக்கம். இவருக்கோ சாயங்காலத்துக்குள் தாள்களைக் கொடுத்தனுப்பியாக வேண்டும். சத்தம் பொறுக்க முடியாமல் போனால் அவள் கம்பெடுத்துக் கூரையை இடிப்பாள். இவர் தரையைப் பார்த்து, "இதோ முடிஞ்சுதும்மா!" என்று கத்துவார். முடிந்திருக்காது.

ஒருநாள் அவளே மேலே ஏறி வந்துவிட்டாள். கண் சிவந்து, தலை கலைந்திருந்தது.

"சார், ராத்திரி முழுக்க நின்னுட்டு வரேன். கண்ணை மூடினா உங்க மிஷின் என் மண்டைக்குள்ள ஓடுது."

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர்..."

"வாய் நிறைய சிஸ்டர்னு கூப்பிடறீங்க. அண்ணன் மாதிரி கொஞ்சம் நடந்துக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவரைக் குத்தியது. அவள் இறங்கிப் போனதும் பரணிலிருந்து பிரின்டரின் கையேட்டைத் தேடி எடுத்தார். அட்டை செல்லரித்திருந்தது. உள்ளே ஒரு பக்கத்தில் விஷயம் அகப்பட்டது. இருபத்தேழு என்ற எண்ணை அனுப்பினால் பிரின்டர் காதைத் தீட்டிக்கொள்ளுமாம். அடுத்து வருவதை அது அச்சடிக்காது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும். எழுத்தைத் தடிப்பாக்க ஒன்று, நெருக்க ஒன்று, அரை வேகத்தில் சத்தம் குறைத்து ஓட ஒன்று.

இத்தனை வருஷமாக இது தெரியாமலா இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலே வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். முதல் தடவை கால்புள்ளி ஒன்றை விட்டுவிட்டதில் பிரின்டர் ஏதோ கிறுக்கிவைத்தது. திருத்தி ஓட்டியதும், முரண்டு பிடித்த மாடு வழிக்கு வந்த மாதிரி அது மெள்ள முனகத் தொடங்கியது. பிரின்டரை அணைத்தால் அமைப்பு மறந்துபோகும் என்பதால், தினமும் வேலைக்கு முன்னால் அந்த நாலு வரியை ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

கூரை இடிபடவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்ட மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, "மாத்திரையை ஒழுங்கா போடறீங்கல்ல?" என்றாள்.

பிறகு ஒருநாள் தாள்களை வாங்க வந்த பையனிடம் "வாப்பா" என்றபோது தொண்டை கரகரத்தது. காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னாலெல்லாம் தரையைப் பார்த்தாவது நாலு வார்த்தை கத்துவார்.

மறுநாள் அந்தப் புரோகிராமை வேண்டுமென்றே ஓட்டாமல் விட்டார். பிரின்டர் பழையபடி வீட்டையே உலுக்கியது. செய்வது தப்பு என்று தெரிந்தும் காதைக் கீழே வைத்துக் காத்திருந்தார். ஒரு தாள் போயிற்று, இன்னொன்று போயிற்று. கீழே சத்தமே இல்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பதறி, செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். கதவில் பூட்டுத் தொங்கியது.

சாயங்காலம் படியில் காலடி கேட்டதும் எட்டிப் பார்த்தார். கையில் காய்கறிப் பையோடு அவள் வந்துகொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர், பகல்ல ஆளையே காணோம்?"

"எனக்குப் பகல் டியூட்டி போட்டுட்டாங்களே சார். உங்ககிட்ட வந்து சத்தம் போட்டேன் பாருங்க, அதுக்கு மறுநாளே. சொல்லணும்னு நினைச்சேன், விட்டுப்போச்சு. இனிமே நீங்க இஷ்டத்துக்கு ஓட்டலாம்."

"அப்படியா... நல்லதாப் போச்சு."

"ஏன் சார், ஏதாவது வேணுமா?"

"இல்ல இல்ல. சும்மாதான் கேட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஆளில்லாத வீட்டுக்காகவா இத்தனை நாள் சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தோம் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் யாருமில்லை.

அந்த ஞாயிறு மனைவி கூப்பிட்டபோது, இதுவரை கேட்காததைக் கேட்டார். "நீ எப்ப வர்றே?"

"என்னங்க திடீர்னு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இவனைப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டிட்டு வர ஆள் வேணும்ல. இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. பார்க்கலாம், என்ன?"

"சரி, பார்க்கலாம்."

மறுநாள் முழு வேகத்தில் ஓட்டினார். மத்தியானத்துக்கு முன்னாலேயே எல்லா முகவரியும் தீர்ந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். தெருவில் வெயில் அசையாமல் கிடந்தது. தாள் வாங்க வருகிற பையன் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.

அதற்கு அடுத்த நாள், யாரும் கேட்காமலே, அந்த நாலு வரியை முதலில் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். பிரின்டர் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஒவ்வொரு முகவரியும் வெளியே வர, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்பின் பார்த்தறியாத அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.