நடுப்புள்ளியின் வேகம்

எலக்ட்ரான் வந்து படுவதைக் காட்ட என் கணவர் செய்த டிடெக்டர்கள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொன்னார். அங்கேயே என்னோடு வேலை பார்க்கும் எங்கள் மகள் தலை குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். ஒளிவேகத்தை ஒட்டி வரும் எலக்ட்ரான், மெல்லிய தகட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு எலக்ட்ரான் மீது மோதும். சரிசமமாகப் பிரிந்தால் ஒன்று இடமும் மற்றது வலமுமாக முன்பக்கம் தெறிக்கும். சரியான கோணத்தில் வைத்திருந்தால் இரண்டு டிடெக்டரும் ஒரே கணத்தில் துடிக்க வேண்டும். என் கணவர் செய்தவை தனித்தனியாகத் துடித்தனவே தவிர, சேர்ந்து துடிக்கவே இல்லை. கோணத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தவள் மகள். அவள் கணக்கில் புலி. ஆகவே பழி முழுக்க இவர் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தன் கையைப் பார்த்துக்கொண்டே, "டிடெக்டரை ஒட்டினதுல எங்கடி கோட்டை விட்டேன்?" என்று கேட்டார். பதில் தெரியாமலே போய்விட்டார்.

நேற்று என்னிடம் படிக்கும் மாணவர்களுக்காக அதே கணக்கைப் போட்டேன். மோதுகிற இரண்டின் நடுப்புள்ளியோடு நாமும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், இரண்டும் எதிரெதிரே சமமாக வந்து சமமாகப் பிரியும். பிறகு அந்த நடுப்புள்ளியின் வேகத்தைக் கொண்டு நம் அறையின் கோணத்துக்குத் திரும்ப வேண்டும். என் விடை மகளுடையதோடு ஒத்துப்போகவில்லை. நடுப்புள்ளியின் வேகத்துக்குப் பதிலாக, மோத வரும் எலக்ட்ரானின் வேகத்தைப் போட்டுப் பார்த்தேன். அவள் விடை அப்படியே வந்தது. அவர் கையில் ஒரு குறையும் இல்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அப்பா தன்னையே நொந்துகொண்டு செத்தது உன்னால் என்றா?

"கருவியில குறையில்ல சார். அவர்தான் கோணத்தைத் தப்பாப் பாத்து வச்சிட்டாரு," என்றேன் தலைவரிடம். மகளுக்காக என்றால் இதைவிடப் பெரிய பழியையும் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பார்.

மகள் விருட்டென்று எழுந்தாள். "ஒரு திருகாணியையே மூணு தடவை சரிபாக்கிறவர் அப்பா. அவரா தப்பா வைப்பாரு? இப்படிச் சொல்ல உனக்கு நாக்கு கூசலையாம்மா?"

"விடு கண்ணு. நடந்தது நடந்துபோச்சு."

"விட மாட்டேன். அவர் மேல தப்பில்லன்னு இப்பவே காட்டறேன்."

பலகையைத் துடைத்துவிட்டு, எதிரெதிராக இரண்டு அம்புகள் வரைந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நிதானமாகப் போட்டாள். அவளைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நடுப்புள்ளியின் வேகத்தை எழுத வேண்டிய இடம் வந்ததும் அவள் கை நின்றது.

"அம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.