ஐந்தாம் சீட்டு

கரும்பு வயலில் கிள்ளி வந்த மண்ணைத் தம்ளரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மாமனாரின் வாயில் மூன்றாவது கரண்டியை விட்டாள் கலையரசி. பாதி உள்ளே போனது. பாதி தாடையில் வழிந்து, தலையணையில் செம்மண் கோடாக இறங்கியது. மூச்சு மட்டும் மரத்தை ரம்பம் இழுப்பதுபோல் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

"மண்ணுக்கும் அடங்கல" என்றாள் எதிர்வீட்டு ராஜாம்பாள், வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி. அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் அந்தத் தெருவில் ஒருவரும் செத்ததில்லை. "இன்னா ஆசைய வெச்சிகினு கீறாரோ மனுசன்."

ராமசாமி இப்படிக் கிடப்பது இரண்டாம் நாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட, காரில் கிடத்திக் கொண்டுவந்துவிட்டார்கள். பால் ஊற்றியாயிற்று. வெள்ளிக்காசு உரசிய தண்ணீரும் விட்டாயிற்று. ஆசை அடங்காத உயிர் லேசில் போகாது. அந்த ஆசை எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, தெருப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"கெளுத்தி மீன் கொழம்புன்னா உசுராச்சே."

"மூங்கில்துறைப்பட்டு மில்லுல கரும்பு வெட்ட ஆர்டர் வந்துட்டுதுன்னு காதுல சொல்லிப் பாருங்க."

"அதெல்லாம் இல்ல. அந்த டிராக்டரு போனதுலதான் மனுசன் பாதியா போனாரு" என்றாள் ராஜாம்பாள், யாரையும் பார்க்காததுபோல.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகன் தங்கதுரை எழுந்து தெருவுக்குப் போனான்.

டிராக்டர் கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் தங்கதுரை போனில், பெருவிரலால் சீட்டை மேலே தள்ளித் தள்ளி, ரம்மி ஆடினான். தவணைக்காரர்கள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். தெருவுக்கு ஆறு மாதம் பேச்சுக்குப் பஞ்சமில்லாமல் போனது. ராமசாமியின் பெண்டாட்டி ஜெயம்மாள் மகனை அய்யனார் கோயிலுக்கு இழுத்துப்போய் எரிகிற சூடத்தின் மேல் சத்தியம் வாங்கினாள். இனி அந்த வீட்டுக்குள் சீட்டு நுழையக்கூடாது. நுழைத்தவர் யாரானாலும் மூட்டையோடு வெளியே. தங்கதுரை இன்றுவரை காப்பாற்றுகிறான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ராமசாமி அன்று கோயிலுக்குள் போகவில்லை. வெளியே எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தை மாதத்தில் ஒரு மதியம், மருமகளைக் கூப்பிட்டார். "அந்தக் கருமத்துல இன்னாதாம்மா கீது? காட்டு, பாக்கலாம்."

ரம்மி வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அது பாவம். அவள் போனில் தேடியபோது கீழே வேறொன்று கிடைத்தது: நாலு சீட்டு போக்கர், ஒரு ரூபாய் மேசை. அது ரம்மி இல்லையே! கையில் நாலு சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கையிலிருந்து ரெண்டு, நடுவிலிருந்து மூணு, அதற்குமேல் எடுக்கக்கூடாது. இந்த ஒரு விதி கிழவருக்குப் பிடிபட மாசி முழுக்கப் போனது. ஒருநாள் கையில் மூன்று ராஜா வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டு உட்கார்ந்தார். தோற்றார்.

"மூணு ராஜாவ வெச்சிகினு தோப்பனா?"

"ரெண்டுதான் மாமா செல்லும். இன்னொன்னு சும்மா கையில கீது."

"சும்மா குந்தறதுக்கு எதுக்கும்மா ராஜா?"

ஒரு ரூபாய் மேசையில் ஆடி டிராக்டரை மீட்பதென்றால் பேரனுக்குப் பேரன் பிறந்திருப்பான். அதைக் கிழவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் கலையரசி. அவளும் புருஷன் ஊரான் வண்டியில் லோடு ஏற்றிவிட்டு வந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டே, மதியமானால் போனுக்குச் சார்ஜ் போட்டாள்.

முந்தாநாள் கையில் இதயம் போட்ட ஆட்டின் சீட்டுகளில் ஏஸும் ஒன்பதும் இருந்தன. நடுவில் திறந்த நாலில் ரெண்டு ஆட்டின். ராமசாமி இருந்த மொத்தத்தையும் உள்ளே தள்ளினார்.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டின் வுழுந்தா அஞ்சும் ஒரே எனம், நம்மள்து, கலை."

ஐந்தாம் சீட்டு திரும்புவதற்குள் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. போன் மடியில் நழுவியது.

கலையரசி முதலில் போனை அணைத்தாள். பீரோவைத் திறந்து சேலைகளுக்கு அடியில் வைத்தாள். பூட்டினாள். அப்புறம்தான் "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்தினாள்.

"மருமவள் கண்டு உடனே சத்தம் போட்டாளோ, இந்த மட்டும் உசுரு கீதோ" என்று ராஜாம்பாளே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் கலையரசிக்குப் பீரோ சாவி திரும்பிய நேரம் நீண்டுகொண்டே போனது.

"பாருங்களேன், அவ போற பக்கமே கண்ணு போவுது" என்றாள் ஒருத்தி. உண்மைதான். மூடாத அந்த ஒரு கண், இரண்டு நாளாக அவளையே கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெயம்மாள் புருஷனின் காலைப் பிடித்தாள். "இன்னா வேணும்னு சொல்லிட்டுப் போயேன்யா. இந்தச் சத்தத்த என்னால கேக்க முடியலியே."

கலையரசி குனிந்து அவர் காதோடு சொன்னாள். கண் அசையவில்லை. காது அடைத்துவிட்டிருந்தது, காலையிலிருந்து ஊரே கத்தித்தான் கூப்பிடுகிறது. நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். சுவரோரம் நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். வாசலில் தங்கதுரை திரும்பி வந்து நின்றிருந்தான். ரம்பம் இழுத்தது. மறுபடி இழுத்தது.

"மாமா! ஆட்டின் வுழுந்துட்டுது! அஞ்சாவது சீட்டு ஆட்டின்! நீங்கதான் ஜெயிச்சீங்க!"

ராஜாம்பாளின் வெற்றிலை நின்றது. அதற்குப் பிறகு பதினோரு மூச்சு வந்ததென்று ராஜாம்பாள் பின்னால் சொன்னாள். பன்னிரண்டாவது வரவில்லை.

ஜெயம்மாள் உடனே அழவில்லை. "இன்னாடி ஜெயிச்சாரு?" என்றாள். அதற்குள் பெண்கள் மாரடித்துக்கொண்டு எழ, கேள்வி ஒப்பாரிக்குள் அமுங்கியது. கருமாதி முடியட்டும், அது தானாக வெளியே வரும்.

மூன்று மணிக்கு மேளம் வந்தது. குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தி, வாய்க்கரிசிக்கு உறவுகளை அழைத்தார்கள். ஈர வேட்டியோடு தங்கதுரை வந்து அவள் பக்கத்தில் நின்றான். அடிப்பான், இல்லையென்றால் அம்மா வீட்டுக்குப் போ என்பான். இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள்.

"நாலு சீட்டா?" என்றான், உதடு அசையாமல்.

"ம்."

"கையில இன்னா வெச்சிருந்தாரு?"

"ஆட்டின் ஏஸு. ஒம்போது."

அவனிடமிருந்து மெல்லிய மூச்சொன்று வந்தது. "நெசமாவே வுழுந்துச்சா?"

"தெரியல. நான் பாக்கல. பயந்துகினு அணைச்சிட்டேன்."

மேளக்காரர் அடியை மாற்றினார். வரிசை ஒரு அடி நகர்ந்தது.

"போனு எங்க?"

அந்தக் குரலை அவள் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை. முறத்திலிருந்து அரிசியை அள்ளிக் கிழவர் வாயில் போட்டாள். நகர்ந்தாள்.

"மவன் போடுங்க" என்று கூப்பிட்டார்கள். தங்கதுரைக்குக் கேட்கவில்லை. அரிசி இடது உள்ளங்கையில் இருந்தது. வலது கைப் பெருவிரல் அதை ஒவ்வொரு மணியாக மேலே தள்ளிக்கொண்டிருந்தது.