பித்தளை டம்மி

என்ஜின் மைனர் காரின் முன்பக்கப் பள்ளத்துக்கு மேலே, உட்கார வேண்டிய இடத்துக்கு நாலு விரல்கடை உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வழக்கம்போல வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் தடவினார். புகைக்குழாய் பக்கம், கீழே, இரண்டு தகர மூடிகள் விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரை இன்னொரு தரம் விரல்களை நடத்திப் பார்த்தார். மூடியும் இல்லை, மூடியைப் பிடிக்கிற போல்ட்டும் இல்லை. இரும்பு மொழுக்கென்று சுவர் மாதிரி ஓடியது.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

என்ஜின் மேல் அறைந்திருந்த நம்பர் தகடு பத்தில் தொடங்கியது. பத்து என்றால் சின்ன என்ஜின். சின்னதற்குக் கட்டாயம் இரண்டு மூடி உண்டு. மொழுக்கென்று இருந்தால் அது பெரியது. அதன் நம்பர் பன்னிரண்டில் தொடங்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட மேஸ்திரிக்கு எழுத்தின் மேல் எப்போதும் நம்பிக்கை கிடையாது. தகட்டை அடித்தவன் யாரோ, பெயர்த்தவன் யாரோ. இரண்டு ஆணி பிடுங்கினால் தகடு ஊர் மாறிவிடும். இரும்பு அப்படி மாறாது. அதனால்தான் பெற்ற தாயே வந்து சொன்னாலும் தொட்டுப் பார்க்காமல் ஒரு என்ஜினையும் அவர் இறக்கியதில்லை.

"என்ன மாமா, கைய உள்ள விட்டுட்டுத் தூங்குறீங்களா?" என்றான் மைத்துனன்.

மனைவியின் தம்பி. பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். டிரைவிங் ஸ்கூல்காரரின் மைனருக்கு என்ஜின் வெடித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், "என்கிட்ட ஒண்ணு வந்திருக்கு, அதே நம்பர் வரிசை" என்று தானாகவே கொண்டுவந்தவன். தரையில் வைத்துப் பார்க்கக்கூட விடவில்லை. வேனிலிருந்து தார்ப்பாயோடு நேராகக் கொக்கியில் மாட்டி, சங்கிலியையும் தானே பிடித்துக்கொண்டான். அந்தச் சங்கிலிக் கப்பியின் பல் தேய்ந்து ஒரு வருடமாகிறது. பிடித்த ஆள் பிடித்தபடியே நிற்கவேண்டும். விட்டால் சரக்கு கீழே வரும்.

நூறு கிலோவுக்கு மேல் இரும்பு. அதற்கடியில் தன் கை. சங்கிலி அவன் கையில். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மேஸ்திரியின் மனசில் வந்து உட்கார்ந்தன.

மைனர் காருக்குள் பெரிய என்ஜின் வைக்கத் துணிந்த கை இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது அவருடையது. வைத்ததும் ஒரே வண்டிக்கு. பிரசவம் பார்க்கிற நர்ஸம்மாவின் வண்டி. மேட்டுத் தெருக்களில் சின்ன என்ஜின் மூச்சு வாங்குகிறது, வலி எடுத்தவள் காத்திருப்பாளா மேஸ்திரி, என்று கேட்டு வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன் அந்த வண்டி திருடு போயிற்று. நாலு நாள் கழித்து ஊருக்கு வெளியே வெறும் கூடாகக் கிடந்தது, வயிறு காலி. இப்போது நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். போன வாரம் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். தாய் பிழைத்தாள், பிள்ளை இல்லை. அன்றைக்கு ஷெட் வாசலில் நின்று அவள் கேட்டாள்:

"உங்க கண்ணுல பட்டா சொல்லுவீங்கல்ல, மேஸ்திரி?"

"கண்ணென்னம்மா கண்ணு, என் கையில பட்டாலே சொல்லிடுவேன்."

இதோ, பட்டுவிட்டது.

"மாப்ளே, ஒரு சாண் மேல தூக்கு. மவுண்ட்டு சரியா உக்காரல."

"உக்காரும் மாமா. இறக்குறேன், நீங்க தட்டிவிடுங்க."

"தூக்குடா."

குரல் எங்கோ பிசகிவிட்டது போல. மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு, காருக்குள் மறைந்திருந்த அவர் கையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. கப்பியில் டக்கென்று ஒரு சத்தம். என்ஜின் ஒரு விரல்கடை இறங்கி நின்றது. மேஸ்திரியின் முழங்கையில் இரும்பு உரசி ரோமத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

"வழுக்கிருச்சு மாமா! சத்தியமா வழுக்கிருச்சு. கை வேர்த்துப் போச்சு."

"சரி. வேர்க்கும்."

வழுக்கியதா, வழுக்கவிட்டானா? மூன்று வயதிலிருந்து தன் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவனைப் பற்றி இப்படி ஒரு கேள்வி வருவதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வந்தது. அடைகோழிக்கு அடியிலிருந்து முட்டை எடுக்கிற மாதிரி கையை மெல்ல மெல்ல வெளியே உருவினார். சுண்டுவிரலும் வெளியே வந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"இப்பத் தூக்கு."

தூக்கினான். மேஸ்திரி மண்ணெண்ணெய்த் துணியையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி மறுபக்கம் வந்தார். பக்கவாட்டில் வட்ட வட்டமாக டம்மிகள். உள்ளே ஓடுகிற தண்ணீர் வெளியே வராமல் அடைக்கிற மூடிகள். எல்லாவற்றின் மேலும் புதுக் கறுப்புப் பெயிண்ட். நடு டம்மியை மட்டும் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள். பித்தளை.

நர்ஸம்மாவின் வண்டி ஒழுகியபோது கடையில் டம்மி கிடைக்கவில்லை. அவளோ அவசரம் என்றாள். மேஸ்திரி வீட்டுக்குப் போய்ப் பித்தளை டம்ளர் ஒன்றை எடுத்துவந்து, அடியை வட்டமாக அறுத்து, தட்டிக் குவித்து அடைத்துவிட்டார். நாலு நாளைக்கு என்று வைத்தது அப்படியே நின்றுபோயிற்று. மாமியார் விட்டுப்போன ஆறு டம்ளரில் ஒன்று அது. "தாய் வீட்டுச் சீர அறுத்துக் கார் வயித்துல ஒட்டுன மனுசன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

துணியால் அழுத்தித் துடைத்தார். புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து எழுந்து வந்தது. மாமனார் பேரின் முதல் எழுத்து, மாமியார் பேரின் முதல் எழுத்து.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

"நான் எடுக்கல மாமா. வந்த சரக்கு. அந்த வண்டியோடதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதவன் எதுக்குடா தகட்ட மாத்துன?"

சங்கிலி மட்டும் லேசாகக் கிணுகிணுத்தது.

"பன்னெண்டு நம்பரப் பிடுங்கிட்டுப் பத்து நம்பர அடிச்சியே, புகைக்குழாய் பக்கம் மூடி இருக்கான்னு ஒரு தடவ தடவிப் பாத்தியா? இரும்புக்கடை வச்சிருக்கானாம்."

"மாமா, நாலு மணிக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் வந்துருவாரு. இறக்கி மூடிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. என்னப் பிடிச்சுக் குடுத்தா அக்கா உசுர விட்ருவா. உங்களுக்கே தெரியும். அக்காவுக்காகவாவது..."

மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பார். பொய் இல்லை. தாய் தகப்பன் போன பிறகு அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். தனக்கென்று ஒன்று பெறாததற்கும் அவனையே காரணமாகச் சொல்வாள்: எனக்குத்தான் ஏற்கனவே ஒருத்தன் இருக்கானே. ஸ்க்ரூடிரைவரின் முனையை அந்தப் பித்தளை மேல் வைத்து நாலு அடி அடித்தால் எழுத்து மழுங்கிவிடும். மேலே கொஞ்சம் பெயிண்ட். அவ்வளவுதான் வேலை. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. சுத்தியல் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

சுத்தியலை எடுத்துவிட்டார்.

"இன்னும் இறக்கலையா? ரெண்டு பேரும் பேசிட்டே நில்லுங்க" என்றபடி மனைவி டீயோடு உள்ளே வந்தாள். புருஷனுக்கு எவர்சில்வர். தம்பிக்கு என்றால் மட்டும் அந்த ஆறில் மிஞ்சிய பித்தளை டம்ளர்களில் ஒன்று, எப்போதும். "ந்தாடா, சூடு, துணியோட பிடி." அவன் கை நீட்டவில்லை. நீட்ட முடியாது, இரண்டு கையும் சங்கிலியில்.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

அவன் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போயிற்று. மேஸ்திரி சுத்தியலைப் பிடித்த கையால் மறைக்கப் பார்த்தார். மறைத்ததுதான் தப்பாயிற்று. அவள் அவர் கையை விலக்கிவிட்டு, கறுப்பு இரும்பின் நடுவே காசு மாதிரி மின்னியதைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பித்தளை டம்ளரிலிருந்த டீயைத் தரையில் கொட்டினாள். டம்ளரைக் கவிழ்த்து, அதன் அடியை டம்மிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே இரண்டு எழுத்து. அதே புள்ளி.

"இது நர்ஸம்மா வண்டியில இருந்ததுல்ல?"

"நான் எடுக்கலக்கா" என்றான் தம்பி, சின்னப் பையன் குரலில்.

அவள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. டம்ளரை மட்கார்டின் மேல் கவிழ்த்து வைத்தாள். புருஷன் கையிலிருந்த சுத்தியலை ஒரு தடவை பார்த்தாள். அவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே நடந்தாள். கேட் கிறீச்சிட்டது. இடது கைப்பக்கம் போனால் வீடு. வலது கைப்பக்கம் போனால் நர்ஸம்மாவின் தெரு.

"மாமா, அக்கா எந்தப் பக்கம் போறான்னு பாருங்க மாமா."

மேஸ்திரி பார்க்கவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வந்து, அவன் கைகளுக்கு மேலே தானும் சங்கிலியைப் பிடித்தார். அவன் கை சில்லென்றிருந்தது. "விட்றாத" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் என்ஜின் மெதுவாகச் சுழன்றது. பித்தளை அவன் பக்கம் திரும்பிற்று, மறைந்தது, மறுபடி திரும்பிற்று.