அடுத்த ஊரில் ஆள் இல்லை

எங்கள் பக்கத்து ஜனங்கள் யாரையும் விரட்ட மாட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் துணி மூட்டையோடு படுத்திருந்தால், "ஏனுங்க, டீ குடிக்கறீங்களா" என்று கேட்டு, பன்னும் வாங்கிக் கொடுத்து, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து அடுத்த ஊர் பஸ்ஸில் ஏற்றி விடுவார்கள். டிக்கெட்டும் அவர்களே எடுப்பார்கள். ஒரு ஆளை இத்தனை மரியாதையாகத் தொலைத்துவிட எங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.

என் பெயர் பிரவீனா. கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடில்லாதவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. பவானியில் அதே வேலையை ரசாக் அண்ணன் பார்க்கிறார். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் சாய்குமார் ஒரு காப்பகம் நடத்துகிறார். மூன்று பேரும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தபோது சாய்குமார் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"இந்தக்கா பேரு ராமாமணிங்க. மில்லு வேலைல இருந்தவங்க. மில்லு மூடி குவார்ட்டர்ஸ் போனதுல இருந்து ரோட்டுலதான். போன வருசம் கோபிக்கு அனுப்பி வெச்சனுங்க. அங்க நல்லா இருக்காங்களா?"

கோபியிலிருந்து நாங்கள் அவரைப் பவானிக்கு அனுப்பியிருந்தோம். ரசாக் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க சிங்காநல்லூருக்கு ஏத்தி உட்டோமுங்க. அங்கிருந்து யாரோ திருப்பி ஏத்தி உட்டு, இப்ப மறுபடியும் எங்ககிட்டதான் இருக்காங்க."

மூன்று ஊரும் சேர்ந்து ஒரு மனுஷியை வட்டம் சுற்ற விட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் அதிகம். அன்றைக்கே பேசி முடித்தோம்: வீடு தயாராகும் வரை யாரும் யாரையும் பஸ் ஏற்றக் கூடாது. ஆளை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது ரசாக் அண்ணன், டாக்டரும் ரேஷன் கார்டும் சாய்குமார், வீடு நான். மூவருக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குழு.

வீடு என்ன சும்மாவா கிடைக்கிறது? ஏறாத படி இல்லை. கடைசியில் நஞ்சுண்டன் ஐயா தன் தென்னந்தோப்பில் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டை ராமாமணிக்குத் தர ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷர், பொறுமைதான் கிடையாது. சொன்ன நாளில் எங்களால் ஆளைக் கூட்டி வர முடியாமல் இரண்டு தடவை தள்ளிப்போனதும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அம்மணி, நாளைக்குப் பொழுது உழறதுக்குள்ள ஆளு வந்தா ஊடு அவங்களுக்கு. இல்லீன்னா உர மூட்டைய எறக்கிப்போடுவேன். லாரிக்குச் சொல்லியாச்சு."

மறுநாள் மத்தியானம், நான் தோப்பு வீட்டைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தபோது ரசாக் அண்ணன் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தக்காவக் காணோம். இங்க பஸ் ஸ்டாண்டு பூக்கடைக்காரரு பாவம் பாத்து கோயமுத்தூர் பஸ்ல ஏத்தி உட்டுட்டாராம். தயிர் சோறும் வாங்கிக் குடுத்தாராம்."

அந்தத் தயிர் சோறு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. நல்லது செய்தவரைத் திட்டவும் வழியில்லை. "பஸ்ஸு எங்க இருக்கும்?" என்றேன்.

"பெருந்துறை தாண்டிருக்கும். அவிநாசில புடிச்சரலாம்."

சாய்குமார் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "வாரேனுங்க" என்று காப்பக வேனை எடுத்துவிட்டார். ரசாக் அண்ணன் எப்படியோ விசாரித்து பஸ்ஸின் பெயரையும் நிறத்தையும் குழுவில் போட்டார், பிறகு தன் பைக்கை கோபிக்குத் திருப்பினார். நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டதில் பயமும் இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், ஆனந்தமும் இருந்தது. மூன்று ஊரும் முதல்முறையாக ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

அவிநாசியிலிருந்து சாய்குமார் பேசினார். "பஸ்ஸப் புடிச்சுட்டனுங்க. ஆனா எறங்க மாட்டீங்கறாங்க. கண்டக்டர் விசில் ஊதறாரு. நீங்க பேசுங்க."

"அக்கா, நான் கோபி பிரவீனாங்க. உங்களுக்கு ஊடு பாத்தாச்சுங்க. எறங்கி வேன்ல ஏறுங்க."

"எறங்குனா இன்னொரு பஸ்ல ஏத்துவீங்க," என்றார் ராமாமணி, கோபமே இல்லாமல். "அதுக்கு நான் இதுலயே குந்திக்கறனுங்க. சன்னலோரம் கெடச்சிருக்குது."

வீட்டைப் பற்றி என்ன சொன்னாலும் நம்ப மாட்டார். அவரிடம் இனிக்க இனிக்கப் பேசாத ஊர் எது?

"அக்கா, உங்கள ஊரு ஊரா ஏத்தி உட்டது நாங்க மூணு பேருதானுங்க. இன்னைக்கு மூணு பேரும் ஒரே எடத்துல நிக்கப்போறோம். சாய்குமார் உங்க கூடவே வாராரு. ரசாக் அண்ணன் பவானிய உட்டுக் கெளம்பிட்டாரு. இனி உங்கள ஏத்தி உட்டாலும் அடுத்த ஊர்ல எறக்கிக்க ஆளே இல்லீங்க."

போனில் மறுபடி விசில் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. "அப்ப எறங்கித்தான ஆகோணும்," என்றார்.

அதற்கப்புறம் குழுவில் சாய்குமாரின் செய்திகள்தான். அவிநாசி விட்டாச்சு. குன்னத்தூர் தாண்டியாச்சு. இங்கே தோப்பு வாசலுக்கு உர லாரி வந்துவிட்டது. நான் போய் அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

"வழிய உடுங்க அம்மணி," என்றார் நஞ்சுண்டன் ஐயா.

"பொழுது இன்னும் உழுகலீங்க. பாருங்க, தென்ன மரத்துக்கு மேலதான் நிக்குது."

அவர் மேற்கே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேற்கே பார்த்தார். அதற்குள் ரசாக் அண்ணன் பால் பாக்கெட்டோடு வந்து சேர்ந்து, என் பக்கத்தில் தன் பைக்கையும் குறுக்கே நிறுத்தினார். லாரி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார்.

தென்னை மட்டைகளுக்கு நடுவே சூரியன் சிவந்துகொண்டிருந்தபோது வேனின் ஹாரன் கேட்டது. நான் குதித்தே விட்டேன்.

ராமாமணி மூட்டையோடு இறங்கினார். எங்களைத் தாண்டி நேராக நடந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியோடு நின்ற நஞ்சுண்டன் ஐயாவிடம் கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார். ராமாமணியே பூட்டைத் திறந்தார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்றோம். சாய்குமார் போட்டோ எடுக்க போனை உயர்த்தியிருந்தவர் மெதுவாக இறக்கிக்கொண்டார். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியை அவரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அவர் யாரையும் கேட்க ஒரு கதவு இருந்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பிரவீனாங்க. பால் காய்ச்சோணுங்க. உள்ள வரலாங்களா?"

"இப்ப வேண்டாமுங்க. கொஞ்ச நேரம் நான் தனியா இருந்துக்கறேன். அப்பறமா கூப்படறனுங்க."

நஞ்சுண்டன் ஐயா லாரி டிரைவரிடம் போய், மூட்டைகளை வேறெங்காவது இறக்கச் சொன்னார். திரும்பி வந்து, தன் தோப்பில், தன் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எங்களோடு காத்திருந்தார்.