கட்டிப் பெருங்காயம்

பள்ளிக்கூட வேன் வருவதற்குள் ரசத்தை இறக்கிவிடலாம் என்று மைதிலி புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கை வேலை செய்ததே தவிர, மனம் சேலத்து டாக்டரின் மேஜையிலேயே கிடந்தது. திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தத்துல ஒவ்வாமை அளவு குறையவே இல்லையேம்மா. கோதுமை எப்படியோ உள்ள போயிட்டிருக்கு. இப்படியே போனா பாப்பா வளர மாட்டா" என்றார். மகள் தமிழினிக்கு ஒன்பது வயது. எடை பதினெட்டுக் கிலோ.

கோதுமை ஆகாத குடல் என்று தெரிந்த நாளிலிருந்து ஒன்றரை வருஷமாக, திருச்செங்கோட்டில் அந்த வீட்டுக்குள் கோதுமை நுழைந்ததில்லை. சப்பாத்திக்குப் பதில் சோள ரொட்டி சுட்டாள். முதல் மாதம் அப்பளம் மாதிரி நொறுங்கியது; பிறகு கொதிநீர் விட்டுப் பிசையக் கற்றுக்கொண்டாள். ரவை உப்புமா போய்ச் சாமை உப்புமா வந்தது. கொத்துப் பரோட்டாவுக்கு அழுத பிள்ளைக்காக இடியாப்பம் பிழிந்து, முட்டையும் குருமாவும் விட்டுக் கொத்திப் போட்டாள். கோதுமை அரைத்த மில்லில் பட்டுவிடக் கூடாதென்று கேழ்வரகை மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்தாள். போர்வெல் போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் கிடக்கும் புருஷன் யோகேஷ் ஊருக்கு வந்தால் அவனுக்கும் அதே சாப்பாடுதான். "ஓட்டலெல்லாம் உங்கிட்ட பிச்சை எடுக்கோணும் புள்ள" என்பான். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பத்து நாள் ஓடும்.

இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால் பிள்ளை வெளியே தின்கிறது, வேறென்ன? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். இல்லை என்றது. மறுபடி கேட்டாள். இல்லை என்றது. கரண்டிக் காம்பால் முழங்காலில் நாலு வைத்தாள். ஐந்தாவதற்கு ஓங்கும்போது, "தின்னேனுங்கம்மா, பிஸ்கட் தின்னேன்" என்று கத்தியது. யார் கொடுத்தது என்றதற்குக் கொஞ்ச நேரம் யோசித்து, பக்கத்துப் பெஞ்சு ஸ்ரீதேவி என்றது. மைதிலி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து வேனைவிட்டு இறங்கியதும் பிள்ளையை வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, பிஸ்கட் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

ரசத்துக்குப் பெருங்காயம் வேண்டும். எப்போதும் அர்த்தநாரி கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் கட்டியைத்தான் வாங்குவாள். காலையில் அது இல்லையென்று அவர் தூள் டப்பா கொடுத்திருந்தார். எந்தப் பொட்டலத்தையும் படிக்காமல் பிரிப்பதில்லை என்பதால் அதையும் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் இரண்டாவதாகவே கோதுமை மாவு என்று இருந்தது.

கடைக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, நான் வாங்கற கட்டியிலயும் கோதுமை இருக்குதுங்களா?"

"மாவு சேத்தாம எப்படிங்க கட்டியாவும்? மைதா போடுவாங்க. எதுக்குங்க கேக்கறீங்க?"

ஒன்றுமில்லீங்க என்று வைத்துவிட்டாள்.

ரசமும் சாம்பாரும் போகட்டும். பிள்ளைக்கு வயிறு வலித்தபோதெல்லாம் ஊரில் எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சுண்டைக்காயளவு கட்டியைக் கிள்ளி, வெந்நீரில் கரைத்து, மோரில் கலந்து, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். வலி நிற்கவில்லை என்றால் மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினாள். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து நாள். கசக்குது வேண்டாமென்று பிள்ளை அழுததற்கும் ஒரு அதட்டல் போட்டிருக்கிறாள். அடிப் பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். இந்த ஒன்றரை வருஷத்தில் வளர்ந்திருக்க வேண்டிய உயரத்தை இனி எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? அடுப்பை அணைத்தாள். காலையில் வைத்த சாம்பாரைச் சட்டியோடு தூக்கித் தொட்டியில் கொட்டினாள்.

வேன் வந்து நின்று போனது. தமிழினி பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலிலேயே நின்று, அம்மா அழுவதையும் தொட்டியில் கிடந்த சாம்பாரையும் பார்த்தது.

"இங்க வா சாமி." மைதிலி கையை நீட்டினாள். "அன்னைக்கு நெசமாலுமே பிஸ்கட் தின்னியா? அம்மா அடிக்க மாட்டேன், சொல்லு."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. எந்தப் பதிலுக்கு அடி விழாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"தின்னேனுங்கம்மா" என்றது. "இன்னைக்கித் திங்கலீங்க."

சொல்லிவிட்டு, கேட்காமலேயே கிட்டே வந்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டி நின்றது.